சட்டை நிறம், உடல் அடையாளம்

டோல்கேட் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பக்ருதீன் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் வேலை முழுக்க ரஹீமுன்னிசாவுடையது. ஹார்பர் ஏஜென்ட்டுகள் எக்செல் ஷீட்டை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டுப் பின்னாலேயே வந்து நிற்பார்கள். அப்படியே பிரிண்ட் கொடுத்தால் பாதி ஒரு தாளிலும் மீதி இன்னொரு தாளிலும் விழும். அதை ஒரே தாளில் அடக்கித் தருவாள். எந்தக் கட்டத்தை இறுக்கலாம், எந்தத் தலைப்பை இரண்டு வரியாக மடிக்கலாம், எதைத் தூக்கினால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிடும்.

அந்த வருஷப் புயலில் காசிமேட்டிலிருந்து போன இரண்டு விசைப்படகுகள் திரும்பவில்லை. கடலோர போலீஸ் நிலையங்களுக்கெல்லாம் அனுப்புவதற்காக, காணாமல் போனவர்களின் விவரத்தை வீடுவீடாகக் கேட்டுத் தொகுத்துக்கொண்டு வந்தார் மீனவர் சங்கச் செயலாளர் பீம்ராவ். அட்டவணை திரையைத் தாண்டி ஓடியது. எழுத்தைச் சிறிதாக்கினால் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது.

"கடைசி ரெண்டு கட்டத்த தூக்கிடும்மா" என்றார் பீம்ராவ். "பேரு, வயசு, படகு நம்பர் இருந்தா போதும். சட்ட கலரயும் தழும்பயும் எவன் பாக்கப் போறான்?"

தூக்க மனம் வராமல், முதலில் அந்த இரண்டையும் சுருக்கிப் பார்த்தாள். அதற்காக ஒவ்வொரு வரியையும் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது. ஊதா டி-ஷர்ட், கிழிந்த காலர் வெள்ளை நூலால் தைத்தது. இடது முழங்கையில் எண்ணெய் கொட்டிய தழும்பு. வலது கால் சுண்டுவிரலில் நகம் இல்லை. எவ்வளவு சுருக்கியும் தாளில் அடங்கவில்லை. கடைசியில் அழித்துவிட்டாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருந்த ஒரு கையில் தழும்பு தெரிந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் முகத்தைப் பார்த்தாள். யாரோ கிழவர். அதற்குப் பிறகு டீக்கடையில், சிக்னலில், மார்க்கெட்டில் எங்கே போனாலும் அவள் கண் ஆண்களின் காலருக்கும் கால்விரலுக்கும் போனது. புருஷன் அஃப்ரித் கவனித்துவிட்டான்.

"இன்னாமே, ரோட்ல யாரத் தேடிகினு வர்ற?"

"ஒண்ணுமில்லீங்க."

சொன்னால் அவனும் தேடத் தொடங்கிவிடுவான் என்று பயந்தாள்.

அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்க, காணாமல் போன படகு டிரைவர் ஜெபினின் மனைவி ஜெமிமாவை பீம்ராவ் அனுப்பியிருந்தார். அவள் தாளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கூட்டுக்காரு சட்ட எங்கக்கா?"

"அகலம் பத்தலம்மா."

"அவரு பேர்ல ஊர்ல எத்தினியோ பேரு கீறாங்க. அந்த நூலு நான் தச்சதுக்கா."

ரஹீமுன்னிசா அட்டவணையையே கவிழ்த்துப் போட்டாள். மேலே குறுக்காக ஓடிய தலைப்புகளை இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக இறக்கி, எதிரே விவரங்களை வைத்தாள். ஒரு தாளுக்கு இரண்டு பேர். சட்டைக்கும் தழும்புக்கும் தாராளமாக இடம் கிடைத்தது. ரெண்டு பக்க விஷயத்தைப் புத்தகமாக்கிவிட்டாளே என்று பீம்ராவ் முணுமுணுத்தாலும் வாங்கிக்கொண்டு போனார்.

மழைக்காலம் முடிந்திருந்தது. ஆந்திராவில் ஒரு கடலோர ஊர் போலீஸ் நிலையத்திலிருந்து பீம்ராவுக்கு போன் வந்தது. புயலுக்குப் பின் கரை ஒதுங்கிய ஒரு உடலை அடையாளம் தெரியாமல் அங்கே புதைத்திருந்தார்கள். துணியை மட்டும் எடுத்து வைத்திருந்தார்கள்; அது தாளிலிருந்த ஊதா டி-ஷர்ட்டோடு ஒத்துப்போனதாம். ஜெமிமாவை அழைத்துக்கொண்டு போனார் பீம்ராவ். காலரைத் திருப்பி அந்த வெள்ளை நூலைத் தடவிப் பார்த்தாளாம்.

பக்ருதீன் சொல்லித்தான் ரஹீமுன்னிசாவுக்குத் தெரிந்தது. கொண்டுவந்த சோற்றை அவள் திறக்கவில்லை.

"நீ நல்லதுதானம்மா செஞ்சே" என்றார் அவர்.

அந்தக் கட்டத்தை அழித்தபடியே விட்டிருந்தால் ஜெபின் இன்னும் திரும்பி வரவேண்டியவனாகவே இருந்திருப்பான் என்ற நினைப்பு அவள் மனதைவிட்டுப் போகவில்லை.

சில நாள் கழித்து ஜெமிமாவே கடைக்கு வந்தாள். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வேண்டும். போனிலிருந்த படத்தை அனுப்பினாள். ரஹீமுன்னிசா படத்தை நடுவில் வைத்து, கீழே பிறப்பு, இறப்பு என்று அடித்தாள். பிறந்த தேதியை ஜெமிமா சொன்னாள். இரண்டாவதில் இருவரும் நின்றுபோனார்கள்.

"படகு ஏறுன தேதி போடட்டுமா?"

"அன்னிக்கி சிரிச்சிகினே போனாருக்கா."

"கர ஒதுங்குன தேதி?"

"அன்னிக்கி அவரு யாருன்னே அவுங்களுக்குத் தெரியாது."

ஜெமிமா திரையிலிருந்த படத்தின் பக்கம் குனிந்தாள்.

"ஆந்திராலருந்து போன் வந்துச்சில்ல, அந்தத் தேதிய போடுக்கா. அதுவரிக்கும் வூட்லதான் இருந்தாரு."

ரஹீமுன்னிசா அதையே அடித்தாள். போஸ்டர் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜெமிமா சாலையைக் கடந்தாள். பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் நின்று, இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பது கடைக் கண்ணாடி வழியே தெரிந்தது.