நானூறு கட்டம்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குக் கட்டம் அக்கா என்றுதான் பெயர். ஸ்கேன் எடுக்கும்போது உடம்பில் வைத்துத் தேய்ப்பார்களே, புரோப், அதைச் செய்வது எங்கள் கம்பெனி. செய்வதற்கு முன் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்ப்பது அக்காவின் வேலை. உடம்பைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒலி அலை எந்தக் கட்டத்துக்கு எப்போது போகிறது என்று கணக்குப் போடுவார். ஐம்பது வயது, ஒண்டிக்கட்டை. மாதம் ஒருமுறை அண்ணன் போன் செய்வார், ஒரு நிமிடத்தில் வைத்துவிடுவார். அக்கா எழுதும் அறிக்கைகளைப் பிழை பார்ப்பவள் நான். பக்கத்து அறை.

அக்காவுக்குப் பேச்சுத்துணை ஒரே ஆள்தான். புரோப் வடிவமைக்கும் சோடாபுட்டி. என் வயதுக்காரன், கண்ணாடி அவ்வளவு தடிமன். மதியம் இருவரும் ஒரே மேஜையில் சாப்பிடுவார்கள். அந்த அரைமணி நேரம்தான் அக்கா சிரித்து நான் பார்த்திருக்கிறேன்.

பழைய புரோப்பில் ஒலி எழுப்பும் துண்டுகள் நூற்று இருபத்தெட்டு. சோடாபுட்டி இரண்டு வருடம் உயிரைக் கொடுத்து நூற்றுத் தொண்ணூற்று இரண்டு துண்டுகளோடு அகலமான ஒன்றை வரைந்தான். அக்கா ஓட்டிப் பார்த்தார். படத்தின் இரண்டு ஓரமும் இருட்டு. 'அகலப்படுத்தியும் ஓரம் தெரியவில்லை' என்று எழுதினார். நான்தான் அதில் ஒற்றுப்பிழை திருத்தினேன். கூட்டத்தில் மேனேஜர் அதைப் படித்தார், புரோப் குப்பைக்குப் போனது. சோடாபுட்டி வாயே திறக்கவில்லை.

எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவன் எதிரில் உட்காருவது? மறுநாளிலிருந்து அக்கா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே சாப்பிட்டார். ஒரு மாதம் கழித்து அவன் வேலையை விட்டுப் போனான். அதற்குப் பிறகும் அக்கா மேஜைக்கு வரவில்லை. வந்து யாரோடு பேசுவது?

ஆறு வருடம் ஓடியது. போன வாரம் பெரிய கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. சோதிப்பதற்காக அக்கா அந்தப் பழைய கணக்கையே அறுநூறு கட்ட அகலத்தில் ஓட்டினார். ஓரம் பளிச்சென்று தெரிந்தது.

என்னைக் கூப்பிட்டுத் திரையில் அந்த ஓரத்தைத் தொட்டுக் காட்டினார்.

"ஒரு துண்டுக்கு ரெண்டு கட்டம். அப்ப அவன் புரோப்புக்கு முந்நூத்தி எண்பத்திநாலு. பழைய மிஷின் தாங்காதுன்னு நான் நானூறுக்கு மேல போகவே இல்ல. அதுலயும் ரெண்டு ஓரத்துலயும் இருபது இருபது, அலை முட்டித் திரும்பாம இருக்க முழுங்குற பட்டை. மிச்சம் முந்நூத்தி அறுபதுதான். பக்கத்துக்கு ஆறு துண்டு பட்டைக்குள்ள போய் மாட்டிக்கிச்சு. அதுங்க போட்ட சத்தத்த நானே முழுங்கிட்டு, சத்தமே வரலன்னு எழுதியிருக்கேன்."

மேனேஜரிடம் போய்ச் சொன்னார். "பழைய கதையைக் கிளறாதீங்கம்மா" என்று அவர் முடித்துவிட்டார். அக்கா கேட்கவில்லை. என் அறைக்கு வந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு, சோடாபுட்டியைக் கூப்பிட்டார். எண்ணை அழிக்காமல் வைத்திருந்தார். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

"தெரியும்க்கா" என்றான் அவன். "கூட்டத்துல உங்க படத்தப் பாத்தப்பவே தெரிஞ்சுது, கட்டம் பத்தலன்னு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்? அக்கா மெதுவாகத்தான் கேட்டார்.

"அங்கயே சொல்லியிருக்கலாமே தம்பி?"

"அத்தனை பேர் முன்னாடி உங்க கணக்கு தப்புன்னு சொல்ல மனசு வரலக்கா. மறுநாள் சாப்பிடும்போது சொல்லிக்கலாம்னு இருந்தேன். ஒரு மாசம் பாத்தேன். நீங்கதான் வரவே இல்லையே."

இப்போது வேறு தொழில் பார்ப்பதாகச் சொன்னான். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அக்கா என் நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதார். நான் தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"திட்டுவான்னு பயந்துதான் போகலடி" என்றார். "திட்டு வாங்கியிருந்தா, ரெண்டு நாள்ல சரியாப் போயிருக்கும்."