மாடியறைத் தாழ்ப்பாள்

இது கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இது நடந்தது. யாருக்கு நடந்ததோ அவளும் நானும் ஏழு வருஷமாக ஒரே கம்பெனியில் லிஃப்ட் மெக்கானிக்குகள். பத்தாவது மாடி உயரத்தில், லிஃப்ட் பெட்டியின் கூரை மேல் உட்கார்ந்து நிதானமாக டீ குடிப்பவள் அவள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. பயப்படவும் வராது. இதை என்னிடம் சொன்னபோதுகூட அவள் நடுங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள். நேரங்களை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

சின்ன வயதிலேயே அவளுக்கு அப்பா அம்மா போய்விட்டார்கள். அவளையும் நாலு வயது இளையவளான தங்கையையும் பெரியப்பாதான் தன் வீட்டில் வைத்து வளர்த்தார். இருபத்து நாலு வயதில், ஒரு லாரி டிரைவரைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். பெரியப்பா கத்தவில்லை. இன்றோடு உன்னைத் தலைமுழுகியாயிற்று என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். கட்டிய துணியோடு வெளியே வந்தாள். தங்கை மாடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தது அதுதான் கடைசி.

தங்கைக்குப் பதினோரு கடிதங்கள் போட்டாள். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. சரி, இவளும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டாள் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டாள். மற்றவர்கள் மேல் இருந்த கோபத்தைவிடத் தங்கை மேல் இருந்த கோபம்தான் அவளை அதிகம் எரித்தது. பிள்ளைகள் கேட்டால், நமக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை என்பாள்.

பதினாலு வருஷம் ஓடிவிட்டது. ஒரு வியாழக்கிழமை காலை 9.40-க்கு போன் வந்தது. பெரியப்பா மகனின் மனைவி, அதாவது அண்ணி. கம்பெனியில் கேட்டு நம்பர் வாங்கியதாகச் சொன்னாள். பெரியப்பாவுக்கு உடம்பு முடியவில்லையாம். கண்ணை மூடுவதற்குள் அவளைப் பார்க்க வேண்டுமாம். போனை வைக்கும் முன் அண்ணி குரலைத் தாழ்த்தினாள்.

"பிள்ளைங்க ரெண்டு பேரையும் கட்டாயம் கூட்டிட்டு வந்துடு."

தனக்கு ரெண்டு பிள்ளைகள் என்று அந்த வீட்டில் யாருக்கும் அவள் சொன்னதில்லை. போனை வைத்த பிறகுதான் அது உறைத்தது.

போகாதே என்றான் கணவன். பதினாலு வருஷமாக இல்லாத பாசம் ஒரே நாளில் எங்கிருந்து முளைத்தது, ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுகிறதா என்று கேட்டான். பாசத்துக்காகப் போகவில்லை, நாலு கேள்வி கேட்கத்தான் போகிறேன் என்றாள் இவள். அந்தக் கேள்விகளைப் பதினாலு வருஷமாக மனதுக்குள் தீட்டி வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. மதியம் 2.20-க்கு மகளையும் மகனையும் கூட்டிக்கொண்டு அந்த வாசலில் நின்றாள். மகளுக்குப் பத்து வயது. மகனுக்கு ஆறு.

உள்ளே நுழைந்ததுமே காது அடைத்தது. கூடத்தில் டிவி அலறிக்கொண்டிருந்தது. அதை ஒருவரும் பார்க்கவில்லை. சமையலறையில் ரேடியோ இன்னொரு பக்கம் கத்திக்கொண்டிருந்தது. சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கலாமே என்றாள். ஓடட்டும், ஓடட்டும் என்று வீட்டிலிருந்த நாலு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

பெரியப்பா நாற்காலியில் கிண்ணென்று உட்கார்ந்திருந்தார். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. எண்பதைத் தாண்டியும் குரலில் அதே அதிகாரம். பக்கத்தில் பெரியம்மா. மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணன் சுவரோரமாக நின்றான். அண்ணி டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்தாள்.

இவள் பிள்ளைகளுக்கு ஒவ்வொருவராகக் காட்டினாள். இது பெரிய தாத்தா, இது பெரிய பாட்டி, இது மாமா, இது அத்தை. பிள்ளைகள் வணக்கம் சொன்னார்கள். ஒருவரும் அவர்களைத் தொடவில்லை. எந்த வகுப்பு என்றுகூடக் கேட்கவில்லை. எல்லார் கண்ணும் பிள்ளைகளைத் தாண்டி மாடிப்படியில் இருந்தது.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. என் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கக்கூடப் பிடிக்காதவர்கள் எதற்குக் கூப்பிட்டார்கள்?

தங்கை எங்கே என்று கேட்டாள். பெரியப்பா கண் கொட்டாமல் சொன்னார். கல்யாணம் ஆகி வெளிநாட்டில் இருக்கிறாளாம். போன் கீன் எதுவும் இல்லையாம்.

"அவளும் உன்னை மாதிரிதான். நன்றி கெட்டவ."

2.50. பிள்ளைகளுக்கு வீட்டைக் காட்டுகிறேன் என்று அண்ணி கூட்டிக்கொண்டு போனாள். பெரியப்பா பழைய புராணத்தை எடுத்தார். யார் சோற்றில் வளர்ந்தாய், யார் படிக்க வைத்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினார். இவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் டிவி சத்தம் அவள் பேச்சை விழுங்கியது.

கொஞ்ச நேரத்தில் அண்ணி திரும்பி வந்தாள். தனியாக. பிள்ளைகள் எங்கே என்றாள் இவள். விளையாடுகிறார்கள் என்றாள் அண்ணி.

சரியாக 3.10. டிவி அணைந்தது.

ரேடியோவும் அதே நொடியில் நின்றது. ஆனால் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. விளக்கும் எரிந்தது. கரண்ட் போகவில்லை.

கூடம் முழுக்க அமைதி.

பிறகு மேலேயிருந்து...

டக்... டக்... டக்...

லிஃப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் உள்ளங்கையால் அறைவார்கள். அப்புறம் முஷ்டியால் குத்துவார்கள். நேரம் போகப் போகச் சோர்ந்து தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு விரல் முட்டியால்தான் தட்டுவார்கள். மெதுவாக. கதவின் அடியில்.

இது அந்தத் தட்டல். நெடுநேரமாக உள்ளே இருப்பவர் தட்டுவது.

"மேல யாரு?"

பெரியம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. யாரும் இல்லை, உட்கார் என்றார் பெரியப்பா.

அவள் படியேறினாள்.

அண்ணன் குறுக்கே வந்தான். தோளால் இடித்துத் தள்ளிவிட்டு ஏறினாள்.

டக்... டக்...

மாடியில் ஒரே ஓர் அறை. அவளும் தங்கையும் படுத்துக்கொண்ட அறை. அதன் கதவில், அவள் காலத்தில் இல்லாத பெரிய இரும்புத் தாழ்ப்பாள். வெளிப்பக்கத்தில். அது போட்டிருந்தது.

உள்ளே மகன் சிரித்தான்.

அவள் கை தாழ்ப்பாளுக்குப் போயிற்று. ஆனாலும் பழக்கம் விடவில்லை. உள்ளே மாட்டியவர் தட்டினால், திறக்கும் முன் பதிலுக்குத் தட்ட வேண்டும். ஆள் வந்தாயிற்று என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதுதான் அவள் கற்ற முதல் பாடம்.

தட்டினாள். மூன்று முறை.

உள்ளே தட்டல் நின்றது.

யாரோ... நீளமாக ஒரு மூச்சு விட்டார்கள். கதவை ஒட்டி. அவள் முழங்கால் உயரத்தில்.

தாழ்ப்பாளை இழுத்தாள்.

அறையின் நடுவில் பிள்ளைகள் ரெண்டு பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கதவுக்கும் அவர்களுக்கும் பத்தடி தூரம். வேறு யாரும் இல்லை. கட்டில் இல்லை. அலமாரி இல்லை. ஜன்னலில் பலகை வைத்து ஆணி அடித்திருந்தது.

"யாருடா தட்டினது?"

"சித்திம்மா."

மகனுக்கு அந்தச் சொல்லையே அவள் சொல்லிக் கொடுத்ததில்லை.

மகள்தான் மீதியைச் சொன்னாள். சித்தி அவர்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம். மூக்கு அப்படியே அக்கா மூக்கு என்றாளாம். பயப்படாதீங்க, கீழே இருப்பவர்கள் திறக்க மாட்டார்கள், அம்மா மட்டும்தான் திறப்பாள், நான் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் போனாளாம்.

அவள் கதவைத் திருப்பிப் பார்த்தாள்.

உட்பக்கம், அடியில், ஓர் இடத்தில் மட்டும் பெயிண்ட் இல்லை. ஒரு கை அகலத்துக்கு மரம் தேய்ந்து குழிந்திருந்தது.

கீழே இறங்கி வந்தபோது அவளுக்குப் பயம் இல்லை. உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி இருந்ததாம். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"என்ன பண்ணீங்க அவளை?"

பெரியம்மாதான் உடைந்தாள். நீ போனதும் அவளும் உன்னோடு வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். இன்னொருத்தியும் ஓடினால் வெளியே தலைகாட்ட முடியாது என்று உன் பெரியப்பா அவளை மேலே வைத்துத் தாழ்ப்பாள் போட்டார். எட்டாவது மாதம் காய்ச்சல் வந்தது. தட்டினாள். நடிக்கிறாள் என்று நினைத்தோம். மூன்றாவது நாள் சத்தம் நின்றது... இவ்வளவையும் பெரியம்மா தரையைப் பார்த்தபடி சொன்னாள். பதினோரு கடிதங்களும் பெரியப்பாவின் கைக்குத்தான் வந்தனவாம்.

"உன்கிட்ட சொன்னா நீ வந்து ரகளை பண்ணுவே" என்றார் பெரியப்பா. இப்போதும் குரல் இறங்கவில்லை.

பதினாலு வருஷமாகத் தீட்டி வைத்த கேள்விகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. பிள்ளைகளை வாசலில் நிறுத்தினாள். எப்போதும் பையில் இருக்கும் டெஸ்டரை எடுத்துக்கொண்டு மறுபடியும் மாடிக்குப் போனாள். துருப்பிடித்த எட்டுத் திருகுகளையும் அந்தச் சின்ன முனையால் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். தாழ்ப்பாளைக் கொண்டுவந்து பெரியப்பாவின் டீ கிளாஸ் மேல் போட்டாள். கிளாஸ் நொறுங்கியது. 3.55-க்கு அந்த வீட்டை விட்டு வெளியே வந்தாள்.

தெருமுனையில் நின்று, பிள்ளைகள் பார்க்க, சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். போனவளுக்காக மட்டும் இல்லை. அவளைத் திட்டித் தீர்த்த பதினாலு வருஷத்துக்காகவும்.

பத்து நாள் கழித்து நடந்தது எனக்கு நேரடியாகத் தெரியும். காலை 11 மணி. ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் நாங்கள் ரெண்டு பேரும் கேபிள் மாற்றிக்கொண்டிருந்தோம். மருந்துக்கடை அண்ணன் படியேறி, மூச்சு வாங்க வந்து நின்றான். பேயறைந்த முகம் என்பார்களே, அதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த வீட்டில் பதிமூன்று வருஷமாகத் தினமும் சாயங்காலம் நாலேகால் மணிக்கு அது தட்டுமாம். ஒரு நாளும் ஒரு நிமிஷமும் மாறியதில்லை. மத்தியானத்திலிருந்தே டிவியையும் ரேடியோவையும் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கிறார்கள். நாலு மாதத்துக்கு முன் தட்டலோடு பேச்சும் கேட்க ஆரம்பித்ததாம். எந்தச் சத்தத்தைப் போட்டாலும் அதைத் தாண்டிக் கேட்டதாம்.

"அக்காவோட ரெண்டு பிள்ளைங்களையும் காட்டுங்க."

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னதாம். அதனால்தான் அவர்களை வரவழைத்தோம் என்றான்.

"அப்போ தாழ்ப்பாள் போட்டது?" என்றாள் அவள்.

"அண்ணிதான். அப்பா சொன்னார். கேட்டதைக் கொடுத்துட்டா அடங்கிடும்னு... நாலேகால் வரைக்கும் உன்னைப் பேச்சுல பிடிச்சு வைக்கணும்னு. அன்னிக்கு மட்டும் அது மூணு பத்துக்கே தட்டிடுச்சு."

அவள் கையில் பெரிய ஸ்பேனர் இருந்தது. நான்தான் பாய்ந்து அதைப் பிடுங்கினேன். இல்லாவிட்டால் அன்றைக்கு ஓர் உயிர் போயிருக்கும்.

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். நீ தாழ்ப்பாளைக் கழற்றிய நாளிலிருந்து அது கீழே இறங்கிவிட்டது, இப்போது எங்கள் அறைக் கதவுகளைத் தட்டுகிறது, வெளியிலிருந்து தட்டுகிறது, நீ வந்து ஒரு வார்த்தை சொன்னால் கேட்கும் என்றான்.

"தட்டினா திறங்க" என்றாள். "வேற ஒண்ணும் இல்ல. தட்டினா எழுந்து போய்த் திறங்க."

அவன் இறங்கிப் போகும்வரை அந்த மோட்டார் அறைக் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

அடுத்த வாரம் அண்ணி போன் செய்தாள். அவள் எடுக்கவில்லை. நான் எடுத்தேன். என் காதால் கேட்டது இது.

முந்தின நாள் மதியம் 2 மணிக்குப் பெரியப்பா தன் அறையில் படுக்கப் போயிருக்கிறார். இரவு ஏழு மணிக்கு அண்ணி டீயோடு போய்க் கதவை ஒரு விரலால் தள்ளியிருக்கிறாள். அது திறந்துகொண்டது. அவர் கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. ரெண்டு கை விரல் முட்டிகளும் தோலுரிந்து எலும்பு தெரிந்தது. நாலேகாலிலிருந்து தட்டுகிறேன், கதவை யார் பூட்டியது, ஏன் யாரும் திறக்கவில்லை என்று காற்றுக் குரலில் கேட்டாராம்.

அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது.

பெரியம்மா, அண்ணன், அண்ணி மூன்று பேரும் மத்தியானத்திலிருந்து அந்தக் கதவுக்கு எதிரில், கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். டிவி இல்லை. ரேடியோ இல்லை. எப்போது தட்டுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு சத்தமும் கேட்கவில்லையாம்.