பிரேக்குக்கு வைத்த சந்தனம்

வலது முழங்காலில் ஆபரேஷன் ஆன பிறகும் நான் கார் ஓட்டிக்கொண்டிருந்ததற்கு ஒரே காரணம், என் பன்னிரண்டு வயசுக் காரில் இருந்த க்ரூஸ் கண்ட்ரோல்தான். மாமல்லபுரத்து வீட்டிலிருந்து கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் அறுபதைத் தொட்டதும் பொத்தானை அமுக்கினால் போதும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடலாம். கல்பாக்கத்து ஆபீஸ் வரைக்கும் நான் மகாராணி.

ஆயுத பூஜைக்கு மறுநாள் அந்த க்ரூஸ் மக்கர் பண்ணியது. ஃபியூஸ் மாற்றினேன். பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். வீடியோவில் எவனோ சொன்னான் என்று ஸ்டியரிங்கைத் தட்டிக்கூடப் பார்த்தேன். ம்ஹூம்!

இரண்டு வாரம் வலியோடு ஓட்டினேன். போன வருஷம் ரிட்டையரான என் வீட்டுக்காரர் தினமும் ஒரே பல்லவி. "காரை வித்துடலாம். நீ ஆபீஸ் பஸ்ல போ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு நாளில் எனக்கே எனக்கென்று இருந்தது அந்தக் கார் நேரம் மட்டும்தான். அதையும் விட்டுக்கொடுப்பதா?

சனிக்கிழமை சதுரங்கப்பட்டினத்து மெக்கானிக்கிடம் போனேன். வீட்டுக்காரரும் கூடவே வந்தார். விலை பேசத்தான் வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மெக்கானிக் பானெட்டையே திறக்கவில்லை. "யக்கா, பிரேக்க மெதி," என்று பின்னால் போய்ப் பார்த்தார். "லைட்டே எரியலக்கா. பிரேக் சுவிட்சு ஒட்டிக்கினு கீது. அது சரியில்லன்னா க்ரூஸு வேலைக்கே வராது."

பெடலுக்கு மேலே டார்ச் அடித்தவர் சிரித்துவிட்டார். சுவிட்சின் முனை முழுக்கக் காய்ந்துபோன சந்தனம். "இன்னாக்கா, இதுக்குமா பொட்டு வெப்பாங்க?"

நான்தான் வைத்தேன். நம்மைக் காப்பாற்றுவதே பிரேக்தானே என்று, பூஜையன்று பக்தி முற்றிப்போய்ப் பெடலுக்கு உச்சி முதல் பாதம் வரை பூசியிருந்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. வண்டிக்குப் பின்னால் நின்று விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நீ திடீர் திடீர்னு நிக்கல. லைட்டுதான் எரியல."

"நான் நிக்கிறதை நீங்க எங்க பார்த்தீங்க?"

"ஓட்டும்போது கால் மடங்கிட்டா என்ன பண்ணுவேன்னு பயம். ஹெல்மெட் போட்டுக்கிட்டு ஆபீஸ் கேட் வரைக்கும் தினமும் பைக்ல உன் பின்னாடியேதான் வந்தேன். ரெண்டு தடவை உன் கார்ல மோத இருந்தேன். கால் உன் பேச்சைக் கேக்கலன்னு நெனச்சுத்தான் விக்கச் சொன்னேன்."

மெக்கானிக் புது சுவிட்ச் மாட்டினார். நான் பெடலை மிதித்தேன்.

"எரியுதா?"

"எரியுது. இன்னொரு தடவை மிதி," என்றார் வீட்டுக்காரர்.

மிதித்தேன். அவர் போதும் என்கிற வரைக்கும், வலித்த காலோடு, மிதித்துக்கொண்டே இருந்தேன்.