உலக முடிவும் பொன்னுத்தங்கமும்

1961 ஐப்பசியில் நாரணாபுரத்துக் கரிசலில் மழை நன்றாகப் பெய்தது. அக்கம்பக்கத்துப் புஞ்சைகளில் எல்லாம் பருத்தி முளைத்து இலை விட்டிருந்தது. தனுஷ்கோடியின் புஞ்சையில் மட்டும் கோரையும் அருகம்புல்லும் மண்டிக் கிடந்தன. அவர் அந்த வருஷம் ஏரையே தொடவில்லை. பட்டாசு ஆபீஸுக்கு, அந்தப் பக்கம் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வார்கள், போகிற பாதை அந்தப் புஞ்சையை ஒட்டித்தான் போகும். அவர் மனைவி பொன்னுத்தங்கம் தினமும் காலையில் தூக்குச்சட்டியோடு அந்த வழியே ஆபீஸ் வேலைக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்பினாள். போகும்போது ஒரு தடவை வயிறு எரியும், வரும்போது ஒரு தடவை.

தனுஷ்கோடி சோம்பேறி அல்ல. அவருடைய தாத்தா காலத்திலேயே கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த குடும்பம். ஞாயிறு தவறாமல் சபைக் கோயிலுக்குப் போகிறவர், மற்ற நாளெல்லாம் மண்ணோடு கிடக்கிறவர். முந்தின கோடையில் தெற்கேயிருந்து சீனிவாசகம் என்று ஒரு பிரசங்கியார் வந்து பந்தல் போட்டுக் கூட்டம் நடத்தியதுதான் எல்லாவற்றையும் மாற்றியது. பிரசங்கியார் பெரிய துணிப்படம் ஒன்றைத் தொங்கவிட்டு, பிரம்பால் தொட்டுத் தொட்டுப் பேசினார். ஏழு தலை மிருகம், எக்காளம் ஊதும் தூதர்கள், இரத்தமாகும் நிலா. வருகிற தை மாதத்தில் எட்டுக் கிரகங்கள் ஒரே ராசியில் கூடுவதாகச் சோசியர்களே சொல்கிறார்கள், அஞ்ஞானிகளுக்கே தெரிந்துவிட்ட பிறகும் விசுவாசிகள் தூங்கலாமா என்று கேட்டார். அன்றைக்கு ஜனங்களோடு ஜனமாக முழங்காலிட்ட தனுஷ்கோடி, வீட்டுக்கு வேறு மனுஷராகத்தான் வந்தார்.

"கர்த்தர் தையில வாராரு. அறுக்கப் போறதில்லங்கும்போது எதுக்கு விதைக்கணும்?" என்றார்.

"தை வரைக்கும் கஞ்சி குடிக்கணுமில்ல?" என்றாள் பொன்னுத்தங்கம்.

"பாத்தியா, இதுதான் சத்துருவோட, சாத்தானோட குரலு. உனக்குள்ள இருந்து அவன் பேசுதான்."

அன்றிலிருந்து அவள் எதைச் சொன்னாலும் அது சத்துருவின் குரலாயிற்று. உப்பு இல்லை என்றாலும் சத்துரு, கூரையில் ஓலை மாற்ற வேண்டும் என்றாலும் சத்துரு. மகள் கிருபைக்கனி எட்டாம் வகுப்பில் தேறியிருந்தாள். டீச்சர் ட்ரெயினிங்கில் சேர்க்கலாம் என்று ஐயரம்மா, அதாவது சபைக் குருவானவரின் மனைவி, தானாகவே வந்து சொன்னார். தனுஷ்கோடி சிரித்தார். பள்ளிக்கூடமே இருக்கப் போவதில்லை, பிள்ளை யாருக்குப் பாடம் நடத்தும் என்றார். அந்த வருஷத்து இடம் வேறு யாருக்கோ போயிற்று.

பொன்னுத்தங்கத்தை வாட்டியது ஒன்றுதான். அவளும் விசுவாசிதான். ஆபீஸில் பட்டாசுச் சரம் பின்னிக்கொண்டே உதடசையாமல் ஜெபம் பண்ணுகிறவள். பொல்லாத ஆவிகளோடு போராட்டம் உண்டு என்று கோயிலில் சொன்னால் அவளுக்கு அது புரியும். கங்காணி வாய்க்கு வந்தபடி பேசும்போது திருப்பிப் பேசாமல் நாக்கைக் கடிக்கிறாளே, அது போராட்டம். புருஷனுக்குச் சோறு போடும்போது தட்டை நங்கென்று வைக்காமல் மெதுவாக வைக்கிறாளே, அது அதைவிடப் பெரிய போராட்டம். இதையெல்லாம் யுத்தம் என்று ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை.

தை மாதம் வந்தது. ஊர் முழுக்கவே பயந்து கிடந்தது. சிவகாசிக் கோயில்களில் யாகம் வளர்த்தார்கள். இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு வண்டி வண்டியாகச் சனம் போனது. கிரகங்கள் கூடுகிற ஞாயிற்றுக்கிழமை பிரசங்கியாரின் கூட்டத்தார் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேலையோடு ஊருக்கு வடக்கே உள்ள பாறைமேல் ஏறி உபவாசமாக உட்கார்ந்தார்கள். தனுஷ்கோடி மனைவியையும் மகளையும் கூப்பிட்டார்.

"நான் கோயிலுக்குப் போறேன். அவரு வந்தா அங்கனயும் வருவாரில்ல?" என்றாள் பொன்னுத்தங்கம்.

கோயில் முடிந்து வந்து கருவாட்டுக் குழம்பு வைத்தாள். பாறையிலிருந்து பாட்டுச் சத்தம் வெயில் ஏற ஏறக் குறைந்துகொண்டே வந்தது. பொழுது இறங்கும் வேளையில் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். தனுஷ்கோடி வந்து முற்றத்தில் நின்றார். உதடு வெடித்திருந்தது. அவரைப் பார்க்க அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. செம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடித்துவிட்டு அவர் சொன்னார்:

"பிரசங்கியாருக்கு வெளிப்பாடு வந்துச்சு. வருகை தள்ளிப் போயிருக்கு. அவிசுவாசிகள் வீட்டுக்குள்ளயே இருக்கிறதால."

"நான் குழம்பு வச்சதாலயா அவரு வரல?"

அவர் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். வானத்தையும் பூமியையும் படைத்தவரை நாரணாபுரத்தில் ஒரு கருவாட்டுக் குழம்பு தடுத்து நிறுத்திவிட்டது. இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது, யாரிடம் சொல்லி அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த ஐப்பசியிலும் புஞ்சை தரிசாகவே கிடந்தது.

ஆபீஸில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சரம் பின்னுகிறவள் ராக்காயி. மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு வருஷா வருஷம் தீச்சட்டி எடுக்கிறவள். பொன்னுத்தங்கம் மனம்விட்டுப் பேசியது அவளிடம் மட்டும்தான். 1963 வைகாசியில் வடக்கேயிருந்து பெரிய ஆர்டர் வந்திருந்தது. வெடிக்குள் மருந்து செலுத்துகிற செட்டில், அந்தத் தனிக் கொட்டகையில், ஆள் குறைகிறது என்று கணக்கப்பிள்ளை ராக்காயியை அங்கே அனுப்பினார். உச்சி வெயில். வெயிலில் காய்ந்த மருந்தை ஆறவிடாமல் அள்ளச் சொன்னார்கள். வெடித்த சத்தத்தில் சரம் பின்னுகிறவர்கள் எல்லாரும் குப்புற விழுந்தார்கள். பொன்னுத்தங்கம் எழுந்து ஓடியபோது செட்டுக்குக் கூரை இல்லை. ராக்காயியைச் சாக்கில் சுற்றித்தான் தூக்க முடிந்தது. பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அவள் அதிக நேரம் உயிரோடு இல்லை.

சாவு வீட்டில் ராக்காயியின் புருஷன் கண்ணுச்சாமி பந்தக்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். துக்கம் கேட்க வந்த தனுஷ்கோடி கும்பிட்டுவிட்டு உட்காரவில்லை. நின்றபடியே பேச ஆரம்பித்துவிட்டார்.

"இது சும்மா ஒரு பொறிதான், கண்ணுச்சாமி. இனிமே வரப்போற அக்கினி இருக்கே, அது அவியாது. இது ஒரு அடையாளம். இப்பவாச்சும் குடும்பத்தோட மனந்திரும்பிருங்க..."

கண்ணுச்சாமி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையைக் கண்டதும் பொன்னுத்தங்கம் பெண்கள் நடுவிலிருந்து எழுந்து வந்து, அத்தனை பேர் முன்னால் புருஷனின் தோள்துண்டைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"மருந்தைச் சூட்டோட அள்ளச் சொன்னது கணக்கப்பிள்ள. சீசன்னு அவசரப்பட்டது முதலாளி. இது எந்த வேதத்துலயும் எழுதல. நீங்க பேசுற பேச்சுல அவுக சல்லிக்காசு குடுக்காமத் தப்பிச்சிருவாக, வாங்க வெளிய."

நெருப்பை மேலேயிருந்து வந்ததாகச் சொல்லிவிட்டால் கீழே இருக்கிறவனை யாரும் கேட்க மாட்டார்கள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஆனால் அவளும் யாரையும் கேட்கவில்லை. மறுவாரம் அதே ஆபீஸுக்கு, அதே மணைக்குத் திரும்பிப் போனாள். பக்கத்தில் தாயில்பட்டியிலிருந்து வந்த ஒரு புதுப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரமே அவள் ஐயரம்மாவிடம் போனாள். கிருபைக்கனிக்கு ட்ரெயினிங்கில் இடம் கிடைத்தது, விடுதியில் தங்கிப் படிக்க ஏற்பாடு ஆயிற்று. தனுஷ்கோடியிடம் சொன்னபோது அவர் சத்தம் போடவில்லை. நேரே பிரசங்கியாரிடம் போனார்.

மகள் புறப்படுகிற நாள் காலையில் பிரசங்கியார் சீனிவாசகம் ஐந்தாறு பேரோடு வந்துவிட்டார். பொன்னுத்தங்கத்தை நடுவீட்டில் உட்காரவைத்துச் சுற்றி நின்றார்கள். எண்ணெயைத் தலையில் வைத்தார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் உரத்து ஜெபித்ததில் கூரை ஓலை அதிர்ந்தது. பிரசங்கியார் அவள் உச்சந்தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நீ யாரு? உன் பேரச் சொல்லு."

"பொன்னுத்தங்கம்."

"பொய் சொல்லாத. அவளுக்குள்ள இருக்கிற உன் பேரக் கேக்கேன்."

"எனக்குள்ளயும் பொன்னுத்தங்கம்தான் இருக்கேன்."

"எப்ப இவளுக்குள்ள வந்த?"

"பொறந்ததுல இருந்து."

கூட்டத்தில் ஒருத்தி ஜெபத்தை நிறுத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிரசங்கியாருக்கு வியர்த்தது. "இவள விட்டுப் போ, இந்த வீட்ட விட்டுப் போ" என்று கத்தினார். பொன்னுத்தங்கம் அவர் கையைத் தலையிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள்.

"போகத்தான்யா போறேன். பஸ்ஸு வந்துரும்."

எழுந்து, வழிந்த எண்ணெயை முந்தானையால் துடைத்துக்கொண்டு, மகளின் தகரப்பெட்டியைத் தலையில் தூக்கி வைத்து நடந்தாள். கிருபைக்கனி அழுதுகொண்டே பின்னால் வந்தாள். பஸ் நிற்கிற இடத்துக்குத் தனுஷ்கோடியும் வந்துவிட்டார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் மகளின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். பஸ் போன பிறகு மனைவியைப் பார்க்காமலே பேசினார்.

"வாந்திபேதில போனானே நம்ம மூத்தவன், அவனப் பாக்கணும் ஏளா. கர்த்தர் வந்தாத்தான் பாக்க முடியும். எம்புட்டு நாளுதான் பொறுக்கிறது?"

அவள் பஸ் போன பாதையையே பார்த்தாள். இதை இவர் முதலிலேயே சொல்லியிருந்தால் என்ன? விதைப்பைக் கெடுக்காமல், பிள்ளை படிப்பைத் தடுக்காமல், சத்துரு சத்துரு என்று என்னைப் பேசாமல், இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதிருப்பேனே. ஆத்திரமும் பாவமும் அவளுக்கு ஒன்றாக வந்தன. இரண்டு பேரும் ஆளுக்கொரு ஓரமாக நடந்து வீட்டுக்கு வந்தார்கள்.

அதன் பிறகு அவர் மாறினார் என்று சொல்ல முடியாது. அடுத்த வருஷம் மார்கழிப் புயலில் கடலோரம் அழிந்தது என்று கேள்விப்பட்டதும் மறுபடி தேதி குறித்தார். அதற்கடுத்த வருஷம் வடக்கே சண்டை வந்தபோது இன்னொரு தேதி. சீனிவாசகம் பிரசங்கியார் வேறு ஜில்லாவுக்குப் போய்விட்டார், இவர் தனியாகவே காத்திருந்தார். புஞ்சையைப் பொன்னுத்தங்கம் வாரத்துக்கு, விளைச்சலில் பங்குக்கு, விட்டாள். கிருபைக்கனி சாத்தூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சரானாள். மாதம் ஒரு முறை வருவாள்; தகப்பனோடு அதிகம் பேச மாட்டாள்.

1968 கிறிஸ்துமஸுக்கு முந்தின ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் குருவானவர் கர்த்தரின் இரண்டாம் வருகையைப் பற்றிப் பிரசங்கம் தொடங்கினார். பொன்னுத்தங்கம் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். ஐயரம்மா மெதுவாகப் பின்னால் வந்தார்.

"உடம்புக்கு முடியலையா பொன்னுத்தங்கம்?"

"அதெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கேன். அவரு வரணும்னு எனக்கும்தான் ஆசை. ஆனா வாருமய்யான்னு வாயெடுத்தா எங்க வீட்டுக்காரரு குரல்தான் காதுல கேக்குது. அந்த ஒரு ஜெபம் மட்டும் எனக்கு வர மாட்டேங்குது. பேய் இருந்தாக்கூட ஓட்டிரலாம், இத என்ன செய்யன்னு தெரியல."

ஐயரம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே பிரசங்கம் நீண்டுகொண்டே போனது. கடைசிப் பாட்டு ஆரம்பித்ததும் பொன்னுத்தங்கம் எழுந்து, சேலையில் ஒட்டிய வேப்பஞ்சருகைத் தட்டிவிட்டு, வாசலில் நின்றபடியே எல்லாரோடும் சேர்ந்து பாடினாள்.