சாம்பிராணி என்று நினைத்தேன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, சிட்னியில் ஒரு குளிர்காலப் புதன்கிழமை காலை நடந்தது இது. ஒரு கட்டுமான நிறுவன முதலாளியின் சொந்த ஜெட் விமானத்தில் நான் பணிப்பெண். எட்டு இருக்கைகள், இரண்டு விமானிகள், நான் ஒருத்தி. திருச்சியிலிருந்து வந்து இந்த வேலையில் ஒன்பது வருடம் ஆகியிருந்தது. எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு அப்போது கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அன்று ஒரே ஒரு பயணி. முதலாளியிடம் பல வருடங்களாக மேற்பார்வையாளராக இருக்கும் இலங்கைத் தமிழர். விடுமுறையில் யாழ்ப்பாணம் போயிருந்தபோது, மெல்போர்னில் தங்கை வீட்டில் இருந்த அவருடைய அம்மா இறந்துவிட்டார். அலறியடித்துக்கொண்டு அன்று காலைதான் சிட்னியில் வந்திறங்கியிருந்தார். ஏதோ கணினிக் கோளாறாம், மெல்போர்ன் போகும் பயணிகள் விமானங்கள் வரிசையாக ரத்து. மதியம் ஒரு மணிக்குத் தகனம். கொள்ளி வைக்க வேண்டிய ஒரே மகன் இவர். விஷயம் தெரிந்ததும் முதலாளி தன் விமானத்தையே அனுப்பிவிட்டார்.

மடியில் ஒரு துணிப்பை வைத்திருந்தார். அம்மா கும்பிட்ட கோயிலின் விபூதியும் சாம்பிராணியும் அதில் இருந்தன. புறப்படும்போது பையை இருக்கைக்கு அடியில் வைக்க வேண்டும் என்பது விதி. விபூதியைக் காலடியில் வையுங்கள் என்று எப்படிச் சொல்வது? பக்கத்து இருக்கையில் வைத்து பெல்ட் போட்டுவிட்டேன்.

விமானம் ஓடுபாதையை நோக்கி நகரும்போதே லேசாகப் புகை வாசனை வந்தது. அந்த நொடியே விமானியிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் பையைப் பார்த்தேன். சாம்பிராணிதான் என்று முடிவு கட்டிவிட்டேன். ஒரு வெள்ளைக்காரப் பெண் என் இடத்தில் இருந்திருந்தால் உடனே இன்டர்காமை எடுத்திருப்பாள். எனக்குத்தான் எங்கள் ஊர் வாசனை அத்துப்படி ஆயிற்றே! துக்கத்தில் இருப்பவரின் பையைப் போய் முகர்ந்து பார்க்கவும் மனசு வரவில்லை.

அரை மணி நேரம் பறந்திருப்போம். அவர் கை காட்டிக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இது சாம்பிராணி இல்ல. வயர் எரியிற மணம். வேலைத்தலத்தில எத்தினையோ தரம் மணந்திருக்கு. உடன கப்டனிட்டச் சொல்லுங்கோ."

கேப்டனிடம் சொல்லிவிட்டு, சமையல் மேடைக்கான மின்சாரத்தை மொத்தமாக நிறுத்தினேன். தீயணைப்பானை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையின் புறங்கையைக் காபி மெஷினுக்குப் பின்னால் இருந்த தகட்டில் வைத்தேன். கொதித்தது. சில நிமிடங்களில் சூடு இறங்கியது, வாசனையும் குறைந்தது.

ஆனால் கேப்டன், வழியில் இருக்கும் ஆல்பரி என்ற ஊரில் விமானத்தை இறக்கப் போவதாகச் சொன்னார். அங்கிருந்து மெல்போர்னுக்குக் காரில் மூன்றரை மணி நேரம். அப்போதே மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. வாசனைதான் போய்விட்டதே, மெல்போர்னுக்கே போய்விடலாமே என்று நான் கெஞ்சினேன். தகட்டுக்குப் பின்னால் என்ன எரிந்தது என்று தெரியாமல் போக முடியாது என்றார் அவர். அதுதான் சரி.

"கெஞ்சாதேங்கோ, தங்கச்சி," என்றார் அந்த அண்ணன், இருக்கையில் இருந்தபடியே. "இப்பிடி வரும் எண்டு தெரிஞ்சுதான் சொன்னனான்."

ஆல்பரியில் மெக்கானிக் கழற்றிக் காட்டினார். உள்ளங்கை அளவு சின்ன மின்விசிறி, சுற்றாமல் நின்று சூடேறியிருந்தது. பக்கத்து வயர்களும் கருகிவிட்டதால் அன்று இனி அந்த விமானம் பறக்காது. புறப்படும் முன்பே தெரிந்திருந்தால் கால் மணி நேர வேலை என்றார். அந்த வார்த்தை என்னை அப்படியே பிடித்துக்கொண்டது.

கார் வரக் காத்திருந்த அறையில், ஒரு மணிக்கு, அவர் தகனத்தைப் போனில் பார்த்தார். இந்த நாட்டில் கொள்ளி என்பது ஒரு சுவிட்சை அழுத்துவதுதான். தங்கை அழுத்தினார். இவர் எழுந்து நின்று, நெற்றியில் விபூதி பூசி, அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக் கைகூப்பினார். சத்தமே வரவில்லை, தோள்கள் மட்டும் குலுங்கின.

என்னால் அடக்க முடியவில்லை. "அண்ணா, கிளம்புறதுக்கு முன்னாடியே எனக்கு அந்த வாசனை வந்துச்சு. உங்க சாம்பிராணின்னு நினைச்சு சொல்லாம விட்டுட்டேன். அப்பவே சொல்லியிருந்தா நீங்க நேரத்துக்குப் போயிருப்பீங்க."

அவர் போனை அணைத்துத் துணிப்பைக்குள் வைத்தார்.

"நானும் முதல்ல அப்பிடித்தான் நினைச்சனான். இல்லை எண்டு விளங்கின பிறகும் ஒரு பத்து நிமிசம் பேசாமல் இருந்தனான். எப்பிடியும் அம்மாட்டப் போயிடோணும் எண்டு. பிறகு உங்களைப் பார்த்தன். உங்கட அம்மாவும் எங்கயோ இருப்பா எண்டு யோசிச்சன்."

கார் வந்ததும் ஏறிப் போய்விட்டார். என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை, கேட்க எனக்கும் வாய் வரவில்லை. என் தவற்றை மறைக்காமல் அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன், கண்டிப்பும் கிடைத்தது. அது என்றோ மறந்துபோனது. ஆனால் திருச்சியிலிருந்து அம்மா போன் செய்யும்போதெல்லாம், தன் அம்மாவின் கடைசிக் கடனை விட்டுக்கொடுத்து என்னை என் அம்மாவுக்கு மிச்சம் வைத்த அந்த மனிதர் நினைவுக்கு வருகிறார், வெட்கத்தோடும் நன்றியோடும் அம்மாவிடம் இன்னும் கொஞ்ச நேரம் பேசுகிறேன்.