என் குரலுக்கு மட்டும் திரும்பாதவள்

மகளுக்கு நான்கு வயதானபோது, நான் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். என் கணவரின் அக்கா கூப்பிட்டால் மட்டும் உடனே ஓடினாள்.

குருசுக்குப்பத்தில் நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். நாத்தனார் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, மதியத்துக்குள் விற்றுவிட்டு வருவார். பள்ளி விட்டு வந்ததும், உப்பளம் பகுதியில் வேலை முடிந்து நான் திரும்பும்வரை பிள்ளை அவரிடம்தான். எங்கள் தெருவில் எல்லோருக்கும் பெரிய குரல். அலைக்கும் படகு இன்ஜினுக்கும் மேலே பேசிப் பழகியவர்கள். முதலியார்பேட்டையில் வளர்ந்த எனக்கோ, பெண் பேசுவது அடுத்த அறைக்குக் கேட்கக் கூடாது என்று பழக்கியிருந்தார்கள்.

நாத்தனார் பிள்ளையை என்னிடமிருந்து பிரிக்கிறார் என்று நினைத்தேன். ஒருநாள் சீக்கிரம் வந்து கதவோரம் மறைந்து நின்றேன். அடுப்படியிலிருந்து அவர் ஒரு குரல் கொடுத்தார். கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்தவள் எழுந்து ஓடினாள். பின்னாலேயே போய் நான் கூப்பிட்டேன். அசையவில்லை.

"நான் கூப்பிட்டா மட்டும் ஏன் அண்ணி வர மாட்டேங்கறா?"

"நீ பேசறது மொதல்ல உனக்கே கேக்குதா?" என்று சிரித்தார் அவர்.

அந்தச் சிரிப்பையும் கணக்கில் வைத்துக்கொண்டேன். பிள்ளை வகுப்பில் சொல்பேச்சு கேட்பதில்லை என்று டீச்சர் சொன்னபோது, டீச்சரையும் மதிக்காதே என்று வீட்டில் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. டிவிக்கு மிக அருகில் போய் உட்கார்ந்தாள். எதைச் சொன்னாலும் "ஆங்?" என்றாள். இரண்டு மாதமாகச் சளி; வாயைத் திறந்தபடி தூங்கினாள். எல்லாவற்றையும் பார்த்தேன். எதையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

பிறகு நாத்தனாருக்குத் தொண்டை கட்டியது. கரகரத்த மெல்லிய குரலில் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டார். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு விளையாடினாள். மறுபடி கூப்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இன்னா சொல்லிக் குடுத்த புள்ளைக்கு?"

நான் அவரைப் பற்றி நினைத்ததையே அவர் என்னைப் பற்றி நினைக்கிறார். பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் புரிந்தது. இன்று எங்கள் இருவருக்கும் ஒரே அளவு குரல்.

அவள் பின்னால் நின்று மெதுவாக, "ஐஸ்கிரீம் வேணுமா?" என்றேன். திரும்பவில்லை. நாத்தனார் அவள் முன்னால் போய் உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக் காதைப் பார்த்தார்.

காது மருத்துவமனையில், காற்றழுத்தம் கொடுத்துப் பார்க்கும் சின்னக் கருவியை இரண்டு காதிலும் வைத்தார்கள். குன்றுபோல எழ வேண்டிய கோடு தாளில் படுத்துக் கிடந்தது. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது, சளியால் சின்னப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வருவதுதான் என்றார் டாக்டர்.

"எண்ணெ ஊத்தினதாலயா?" என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காதில் எண்ணெய் விடுவது நாத்தனார்தான். அவரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"இல்லம்மா. இது உள்பக்கம். ஆனா எண்ணெயும் வேணாம், பட்ஸும் வேணாம்."

பெரும்பாலும் தானே வற்றிவிடுமாம். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்; வற்றாவிட்டால் செவிப்பறையில் ஒரு சிறு குழாய் வைப்பார்கள். அதுவரை முகத்தைப் பார்த்து, பக்கத்தில் வந்து பேச வேண்டும், வகுப்பில் முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்றார். காது வலியோ காய்ச்சலோ வந்தால் காத்திருக்காமல் வரச் சொன்னார்.

மூன்று மாதமும் ஒரு மெல்லிய வார்த்தையால் அவளைச் சோதித்துக்கொண்டே இருந்தேன். சில நாள் திரும்பினாள், சில நாள் இல்லை. திரும்பிய நாட்களில், என் நிழலைப் பார்த்திருப்பாள் என்று நினைத்தேன்.

இரண்டாம் முறை, வலது காதின் கோடு குன்றாக எழுந்தது. இடது காதிலும் எழுந்தது, கொஞ்சம் தாழ்வாக.

"இன்னொரு தடவ வச்சுப் பாருங்களேன்" என்றேன்.

"இப்ப மெஷின் மேலயா சந்தேகம்?" என்றார் நாத்தனார். ஆனாலும் நகர்ந்து, தாளைப் பார்க்க எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.