புளி கரைக்கவோ?

ஹம்பேர்க்கில் ஏரிக்குப் போக, ஈயைப் போல இறகு கட்டிய தூண்டிலோடு வாசலுக்கு வந்தேன். “எங்கை போறீங்கள் அம்மா?” என்றாள் மகள். கால் நின்றுவிட்டது.

மன்னாரில் அப்பா குளத்துக்குப் புறப்பட்டால் அப்படிக் கேட்கக்கூடாது. கேட்டால் மீன் படாதாம். அதனால் அம்மா குசினியில் இருந்தபடி, மீன் குழம்பை நினைத்து, “புளி கரைக்கவோ?” என்பா. “ஓம், கரையும்” என்பார் அப்பா. சேற்று மணத்தோடு அவர் வெறுங்கையாய்த் திரும்பும் நாளில் அந்தப் புளி ரசமாகிவிடும். “மீன் வாசம் அடிக்குது” என்று ரசித்துக் குடிப்பார்.

மகளுக்கு இதைச் சொன்னேன். “சரி, புளி கரைக்கவோ?” என்றாள் சிரித்தபடி.

“ஓம், கரை.”

பின்னேரம் வெறுங்கையோடு வந்தேன். படியேறும்போதே மிளகும் உள்ளியும் மணத்தன. மகள் மீன் வருமா என்று காத்திருக்கவே இல்லை. ரசத்தைக் கொதிக்க வைத்து இறக்கியிருந்தாள்.